குடிநீரும் கழிவுநீரும் ஒரே நிறத்தில் ஓடிய வாரம்

வியாழக்கிழமை

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. உங்கள் அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, எனக்குத் தலைவலி கூடியிருக்கிறது, இரண்டாவதற்குக் காரணம் நீங்கள். அங்கே மகளும் பேத்தியும் சௌக்கியமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் நீங்கள் அதை முடித்துவைக்கிறீர்கள், அதுவும் தப்பாக. கடிதத்துக்கு நடுவே புக முடியாது என்பதால் எழுதுகிறேன்.

ஓய்வு பெற்று, காலைச் செய்தித்தாளை மாலையில் இரண்டாம் முறை படித்துக்கொண்டிருந்த என்னைக் குடிநீர் அலுவலகம் ஆறு மாதத்துக்குத் திரும்பக் கூப்பிட்டது உங்களுக்குத் தெரியும். ஊரில் தரைக்கடியில் ஓடும் குழாய் அத்தனையும் ஒரு பழைய யூனிக்ஸ் கணினிக்குள் வரைபடமாக இருக்கிறது. அதை ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். புது அதிகாரிக்கு அந்த இயந்திரத்தைக் கண்டாலே ஆகாது. மேசையை அடைத்துக்கொண்டிருக்கிறதாம். அவரும்தான் நாற்காலியை அடைத்துக்கொண்டிருக்கிறார், நான் ஏதாவது சொன்னேனா?

திங்கட்கிழமை காலை வரைபடத்தைத் திறந்தேன். குடிநீர்க் குழாய் நீலமாகவும் கழிவுநீர்க் குழாய் பழுப்பாகவும் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே சேற்று நிறத்தில் கிடந்தன. நிறம் தவிர வேறு அடையாளம் எதுவும் அந்த வரைபடத்தில் கிடையாது. வரைந்தவனுக்கு அப்போது தோன்றவில்லை. வரைந்தவன் நான்தான், அதை விடுங்கள். பக்கத்தில் கட்டளை அடிக்கும் சாளரத்தில் ‘நிறம் ஒதுக்க முடியவில்லை, நிறம் ஒதுக்க முடியவில்லை’ என்று வரிக்கு வரி புலம்பல். நேரம் பார்த்து அன்றைக்கே பள்ளிக்கூடத் தெருவில் குடிநீர்க் குழாய் உடைந்து, தெரு முழுவதற்கும் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். அந்தத் தெருவில் இரண்டு குழாயும் ஒட்டி ஒட்டி ஓடி, நான்கு இடத்தில் ஒன்றையொன்று தாண்டுகின்றன. தப்பான குழாயை வெட்டிவிட்டால் அந்தத் தெரு எதைக் குடிக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

தோண்டும் மேஸ்திரி தன் ஆட்களோடு என் அறை வாசலில் உட்கார்ந்துவிட்டார். “எது நல்ல தண்ணி, எது கெட்ட தண்ணின்னு மட்டும் சொல்லுங்க சார், நாங்க பாட்டுக்கு வெட்டிட்டுப் போயிடுறோம்” என்பார், அரை மணிக்கு ஒரு தரம். அதிகாரி வந்து, “வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள பிரிண்ட் வரலைன்னா குத்துமதிப்பா வெட்டச் சொல்லிடுவேன். இந்த மிஷினையும் தூக்கிப் போட்டுடுவேன்” என்றார். மிஷினை மட்டுமா என்று அவர் சொல்லவில்லை. என்னைப் பார்த்த பார்வை சொல்லியது.

முதலில் வந்தவர் சர்வீஸ்காரர். எந்த வியாதிக்கும் அணைத்துப் போடுவது ஒன்றே மருந்து என்பதால் அலுவலகத்தில் அவருக்கு ‘ரீஸ்டார்ட்’ என்று பெயர். மூன்று முறை அணைத்தார், மூன்று முறை போட்டார். நான்காம் முறை, “மானிட்டருக்கு வயசாயிடுச்சு சார். வயசானா மங்கத்தான் செய்யும்” என்றார், என் தலையைப் பார்த்துக்கொண்டே. பிறகு எங்கிருந்தோ பெரிய மானிட்டர் ஒன்றைத் தூக்கிவந்து மாட்டினார். சேறு இப்போது பெரிதாகத் தெரிந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகுதான், என் போதாத காலம், உங்களுக்குப் போன் செய்தேன். நீங்கள் எடுத்த எடுப்பில் கேட்டது: “மாமா, நீங்க எதையாவது மாத்துனீங்களா?” நான் எதையும் விரலால்கூடத் தொடவில்லை என்றேன். நீங்கள் “ம்ம்” என்றீர்கள். அந்த ‘ம்ம்’ எனக்குப் புரியாது என்று நினைத்தீர்களா? முப்பத்து நான்கு வருடம் அதிகாரிகளின் ‘ம்ம்’களைக் கேட்டு வளர்ந்தவன் நான். பிறகு வகுப்பெடுத்தீர்கள். “கலர் டெப்த் எட்டுல இருக்கு மாமா. எட்டுன்னா மொத்தமே இருநூத்தி அம்பத்தாறு கலர்தான், ஸ்கிரீன்ல இருக்கற எல்லாமும் அதைத்தான் பங்கு போட்டுக்கணும். இருபத்தி நாலுக்கு மாத்துங்க, ஒண்ணரைக் கோடிக்கு மேல வரும்.” எனக்கு எதற்கு ஐயா ஒன்றரைக் கோடி? நான் கேட்டது இரண்டு. ஒரு நீலம், ஒரு பழுப்பு.

இருந்தாலும் மகளைக் கொடுத்த இடம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, நீங்கள் சொன்ன கோப்பில் எட்டை இருபத்து நாலாக்கினேன். திரை பளபளவென்று வந்தது. மூலையில் கடிகாரம் ஒன்றரைக் கோடி நிறத்தில் நேரம் காட்டியது. வரைபட நிரல் மட்டும் வரவில்லை. ‘எனக்கு எட்டுதான் வேண்டும்’ என்கிற மாதிரி ஒரு வரி எழுதிவிட்டு உயிரை விட்டது. அது பிறந்தபோது இருபத்து நாலு என்று ஒன்று கிடையாது. அந்த நேரம் பார்த்து அதிகாரி உள்ளே வந்து, “அட, ஸ்கிரீன் சூப்பரா இருக்கே! பிரிண்ட் எங்க?” என்றார். உங்கள் படிப்பைப் பற்றிக் கல்யாணப் பேச்சில் உங்கள் அப்பா சொன்னதெல்லாம் எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தது.

மறுபடி எட்டு. மறுபடி போன். புதன்கிழமை நீங்கள் அருளிய இரண்டாம் யோசனை: “வரைபடத்துக்குன்னு தனியா ஒரு கலர் டேபிள் குடுத்துடலாம் மாமா, அதோட இருநூத்தி அம்பத்தாறுல வேற யாரும் பங்குக்கு வர முடியாது.” கொடுத்தேன். சுட்டியை வரைபடத்தின் மேல் வைத்தால் நீலம் நீலமாக, பழுப்பு பழுப்பாக, எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஆனால் திரை ஒரு நேரத்தில் ஒரு டேபிளைத்தான் பார்க்குமாம், அந்தக் கணமே மற்றதெல்லாம் ஊதாவும் பச்சையுமாக வெறி பிடித்துப்போயின. கட்டளைச் சாளரத்தில் கறுப்பு எழுத்து, கறுப்புத் தரை. சுட்டியை வெளியே எடுத்தால் எழுத்து வந்தது, குழாய்கள் இளஞ்சிவப்பாயின. இந்த நிரல் திரையில் தெரிவதை அப்படியே அச்சடிப்பது. அச்சுக் கட்டளையையோ பக்கத்துச் சாளரத்தில்தான் அடிக்க வேண்டும். சுட்டியை வரைபடத்தின் ஓரத்தில் அசையாமல் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு அடிப்பதுபோல் அடித்தேன். எங்கே எதை அடித்தேனோ, அலுவலகத்தாரின் விடுப்புப் பட்டியல் அறுபத்திரண்டு பக்கம் வந்து விழுந்தது. மேஸ்திரி அதை விரித்துப் போட்டு, “உட்காரத் தோதா இருக்கு சார்” என்றார். நீங்கள் கொடுத்த யோசனைகளில் ஒருவருக்காவது பயன்பட்டது அது ஒன்றுதான்.

ஆகவே மாப்பிள்ளை, இனி என் கணினி விஷயத்தில் நீங்கள் மூக்கை நுழைக்க வேண்டாம். என் பெண் உங்களிடம் எதையாவது சரிசெய்யச் சொன்னால், பேசாமல் கடைக்கு எடுத்துப் போங்கள். நாளைக்கும் இது சரியாகவில்லை என்றால் நானே மேஸ்திரியோடு பள்ளிக்கூடத் தெருவுக்குப் போய், நினைவிலிருந்து இடத்தைக் காட்டுவேன். நினைவு பிசகினால் அந்தத் தெருக் குழந்தைகள் குடிக்கும் தண்ணீருக்கு நான் பதில் சொல்ல வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், கோடு போட்டு அடிக்கவில்லை, இருக்கட்டும்.

மகளுக்கும் பேத்திக்கும் ஆயிரம் ஆசிகள். உங்களுக்கும் உண்டு, முறை என்று ஒன்று இருக்கிறதே.

இப்படிக்கு,
எதையும் தொடாத உங்கள் மாமனார்

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை மாலை. உறையை ஒட்டுவதற்கு முன் மேலே சில திருத்தங்கள். காலையில் மேஸ்திரி எழுந்துவந்து என் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். குழாயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “பாப்பா யாரு சார், உங்க பேத்தியா? அடேயப்பா, எத்தனை கலர் பலூன்!” என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன வாரம் நீங்கள் அனுப்பிய பேத்தி படத்தைச் சனிக்கிழமை கிளம்பும்போது திரை முழுக்கப் பின்னணியாகப் போட்டவன் நான்தான். ‘எதையாவது மாற்றினீர்களா’ என்று நீங்கள் கேட்டபோது அது மாற்றம் என்றே எனக்குத் தோன்றவில்லை; சுவரில் படம் மாட்டினால் வீட்டை மாற்றினேன் என்றா சொல்வார்கள்? மிஷினைப் போடும்போதெல்லாம் வரைபடத்துக்கு முன்பே வந்து உட்கார்ந்தவள், இருக்கிற நிறத்தையெல்லாம் வாரிக்கொண்டுவிட்டாள்; குழாய்களுக்கு மிச்சம் சேறுதான். படத்தை எடுத்தேன். நீலம் வந்தது, பழுப்பு வந்தது, பத்தரைக்குப் பிரிண்ட் வந்தது. சரியான குழாயைத்தான் வெட்டினார்கள், மூன்று மணிக்குத் தெருவில் தண்ணீர் வந்துவிட்டது. இருந்தாலும் கேட்கிறேன், ஒரு குழந்தைக்கு எதற்கு அத்தனை பலூன்? ஒரே நிறத்தில் நாலு வாங்கினால் ஆகாதா? அதிகாரிக்கு ‘பழுது நீக்கப்பட்டது’ என்று மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீங்களும் யாரிடமும், முக்கியமாக என் மகளிடம், மூச்சு விட வேண்டாம். வரைபட வேலை ஐந்து மணிக்கு முடிகிறது. அதற்குப் பிறகு நான் கிளம்பும்வரை இருநூற்று ஐம்பத்தாறு நிறமும் என் பேத்திக்குத்தான்.