ஆணியில் ஒரே ஒரு வில்லை

ஒரு பாடம் தெரிந்துவிட்டது என்று எந்த நிமிடத்தில் சொல்லலாம்? எனக்குக் கல்யாணமாகி, மகள் பள்ளிக்கூடம் போகிறாள். இன்றுவரை எனக்கு இதற்குப் பதில் தெரியாது. சாம்பாரில் உப்பு சரியா என்று நானே பலமுறை ருசி பார்ப்பேன், பிறகு வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக் கேட்பேன். (சாப்பிட உட்காரும்போது சாம்பார் பாதிதான் இருக்கும்.) இந்த வியாதி எனக்குப் பிறவியிலேயே இருந்திருக்கலாம். ஆனால் அது விருத்தாசலம் முழுவதற்கும் தெரிந்தது நான் ஒன்பதாம் வகுப்பு படித்த வருடத்தில்தான்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. எங்கள் தலைமையாசிரியர் ஏதோ பயிற்சிக்காகச் சென்னை போய்விட்டு, புது யோசனையோடு திரும்பினார். இனிமேல் கணக்குப் பாடத்தில் வகுப்பு முழுவதும் ஒன்றாக ஓடாது. அவரவர் வேகத்தில் படிக்கலாம். ஒரு பாடம் முழுசாகப் பிடிபட்டது என்று தோன்றினால் நாமே போய்த் தேர்வு கேட்க வேண்டும். தேறினால் அடுத்த பாடம். தேறாவிட்டால் திரும்பப் படித்துத் திரும்ப எழுதலாம், எத்தனை முறை வேண்டுமானாலும்.

“இங்க பெயில்னு ஒண்ணு கெடையாது” என்றார். நாங்கள் கைதட்டினோம். எல்லாரையும்விட நான் பலமாகத் தட்டினேன் என்று நினைக்கிறேன்.

தேறியவர்களுக்குப் பீங்கான் வில்லை. எங்கள் ஊரில் பீங்கானுக்கா பஞ்சம்? நீல மெருகு பூசி, நடுவில் துளை போட்ட சின்ன வில்லைகள். வகுப்புச் சுவரில் பெயர் எழுதி ஆளுக்கொரு ஆணி, அதில் ஒரு கயிறு, கயிற்றில் வில்லைகள். அவற்றைச் சுட்டுக் கொடுத்ததே என் அப்பா வேலை பார்த்த பட்டறைதான். அப்பா அங்கே சூளை மேஸ்திரி. “எம் பொண்ணு கழுத்து நெறய நானே சுட்டு வெச்சிருக்கறேன்” என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

முதல் பாடத்துக்கு, தேர்வு எப்படி நடக்கும் என்று காட்டுவதற்காக எல்லாரையும் உட்காரவைத்தே எழுதச் சொன்னார்கள். எழுதினேன், ஒரு வில்லை வந்தது. இரண்டாவது பாடம் காரணிப்படுத்துதல். அங்கேதான் நான் குடியேறினேன்.

புத்தகத்திலிருந்த கணக்குகள் எல்லாவற்றையும் போட்டேன். தேர்வு கேட்கலாம் என்று எழுந்தால், புத்தகத்தில் இல்லாத கணக்கைக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்று தோன்றும். உட்கார்ந்து நானே புதுக் கணக்குகள் தயாரித்துப் போட்டேன். அதுவும் சரியாக வந்தது. நானே தயாரித்ததை நானே போட்டால் சரியாக வராமல் என்ன செய்யும் என்று அடுத்த சந்தேகம். காலாண்டு போனது, அரையாண்டு போனது. தலைமையாசிரியர் என் பெஞ்சைக் கடக்கும்போதெல்லாம் சிரித்துவிட்டுப் போவார். யாரையும் அவசரப்படுத்தக் கூடாது என்பது அவருடைய கொள்கை. (அந்தக் கொள்கையில் என்னை மட்டும் சேர்க்காமல் விட்டிருக்கலாம்.)

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஆரோக்கியமேரி. கணக்கில் என்னைவிட மோசம். காரணிப்படுத்துதலை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அவள் பாதி கேட்டுவிட்டு எழுந்து தேர்வுக்குப் போவாள், தப்பாக எழுதிவிட்டுத் திரும்பி வருவாள், மறுபடி போவாள். அவளுடைய கயிறு நிறைந்துகொண்டே வந்தது.

“ஒனக்குப் பயமா இல்லியாடி?” என்று கேட்டேன்.

“எதுக்குடி பயம்? தப்பானா திரும்ப எழுதப் போறோம். நீ மட்டும் ஏன் பஸ் வந்து நின்னாலும் ஏறாம நிக்கற?”

எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம் என்பதை அவள் தப்பு செய்வதற்கான அனுமதியாக எடுத்துக்கொண்டாள். என் காதில் அது, தப்பே வராது என்றாகும்வரை எழுதாதே என்று விழுந்திருந்தது. இதை எழுதும்போது இத்தனை தெளிவாகத் தெரிகிறது. அன்று தெரியவில்லை.

வீட்டில் நான் எந்நேரமும் கணக்குதான் போட்டுக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்த அப்பாவுக்கு வில்லைகளைப் பற்றி ஒரு சந்தேகமும் எழவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. வருடக் கடைசியில் பெற்றோர் கூட்டம் வந்தது. அப்பா வேப்பூரிலிருந்து என் அத்தையை, அதாவது அவருடைய அக்காவை, பஸ் ஏறி வரச்சொன்னார். அத்தை பட்டுப்புடவையில் வந்து இறங்கினார்.

கூட்டத்தை எங்கள் வகுப்பறையிலேயே வைத்திருந்தார்கள். ஜன்னல் காற்றில் எல்லார் கயிறும் கிணுகிணு என்று சத்தம் போட்டது. என் ஆணிக்குக் கீழே மட்டும் அமைதி. தனியாக இருக்கும் வில்லை எதில் மோதிச் சத்தம் போடும்?

அப்பா என் பெயரைப் பார்த்தார். ஆணியைப் பார்த்தார். பிறகு, வெள்ளைச் சட்டை வேட்டியோடு, குனிந்து பெஞ்சுக்கு அடியில் தேட ஆரம்பித்தார்.

“என்னடா தம்பி தேடுற?” என்றார் அத்தை.

“கயிறு அவுந்து வுழுந்து ஒடஞ்சிருக்கும்க்கா. சில்லு எதனா கெடக்குதான்னு பாக்கறேன்.”

சில்லு எதுவும் இல்லை. அப்பா எழுந்து நின்றார். முழங்காலில் தூசி. குரல் உயர்ந்துவிட்டது. “சார், எம் பொண்ணு வில்லையெல்லாம் எங்க சார்? ராவும் பகலும் படிக்குது சார் அது. யார் எடுத்தாங்க?”

வகுப்பே திரும்பியது. தலைமையாசிரியர் மெதுவாக, “யாரும் எடுக்கலிங்க. பாப்பா இன்னும் தேர்வு கேக்கல” என்றார்.

“கேக்கலியா?”

“அவங்க வேகத்துல வரட்டும்னு விட்டிருக்கோம்.”

“வேப்பூர்லேந்து மாட்டு வண்டி கட்டியிருந்தாக்கூட இந்நேரம் வந்திருக்கும்டா” என்றார் அத்தை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

தலைமையாசிரியர் நல்லவர், என்னைக் காப்பாற்ற நினைத்தார். கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதி, “இங்க வாம்மா, இதப் போடு” என்றார். எக்ஸ் வர்க்கம் கூட்டல் ஐந்து எக்ஸ் கூட்டல் ஆறு. போட்டேன். கொஞ்சம் கடினமாக இன்னொன்று கொடுத்தார். அதையும் போட்டேன். “பாத்தீங்களா? எப்பவோ தெரியுது இந்தப் பொண்ணுக்கு” என்று சொல்லி மேசையிலிருந்து ஒரு நீல வில்லையை எடுத்து நீட்டினார். அப்பாவின் முகம் கொஞ்சம் விடிந்தது.

அப்போது நான் சொன்னேன்: “வேணாம் சார். இது தெரிஞ்சு போட்டதில்ல, தானா வந்துருச்சு. இன்னும் ஒரு வாட்டி படிச்சுட்டு வரேன் சார்.”

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. மேரிகூடச் சிரித்தாள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் தலைமையாசிரியர் அப்பாவைத் தனியே அழைத்தார். கணக்கு முடிக்காதவர்களைப் பத்தாவதுக்கு அனுப்புவதில்லை என்பது விதி. ஆனாலும் கோடை விடுமுறையில் மீதிப் பாடங்களைத் தானே உட்காரவைத்து முடித்துவிடுவதாகவும், என்னை மற்றவர்களோடு அனுப்பிவிடலாம் என்றும் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்பா யோசித்தார். சூளையில் வேலை செய்கிறவர் எப்படி யோசிப்பாரோ அப்படி.

“வேணாங்க சார். ஈரம் காயாததத் தூக்கிச் சூளைல வெச்சா வெடிச்சுடும். பக்கத்துல இருக்கறதையும் ஒடைக்கும். இன்னும் ஆவலன்னு பொண்ணே சொல்லுது. ஒரு வருசம் காயட்டும்.”

“பீங்கான் வேற, புள்ளைங்க வேறங்க.”

“எனக்குத் தெரிஞ்சது அதான் சார்” என்றார் அப்பா. என்னைத் தண்டிப்பதாக அவர் நினைக்கவே இல்லை. என் பேச்சை மதித்தார், அவ்வளவுதான். ‘இல்லப்பா, எனக்குத் தெரியும், போறேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்லலாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அவர்கள் கைகூப்பி விடைபெற்றுவிட்டார்கள்.

அடுத்த ஜூனில் சின்னப் பிள்ளைகளோடு மறுபடி ஒன்பதாவதில் உட்கார்ந்தேன். அந்த வருடம் புதுத் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். யாரும் தயாரா என்று கேட்கவில்லை. தேர்வு அதன் பாட்டுக்கு வந்தது, எழுதினேன், தேறினேன். மேரி மாடியில் பத்தாவதில் இருந்தாள். முதலில் மதியச் சாப்பாட்டுக்கு இறங்கி வந்துகொண்டிருந்தாள். பிறகு சிறப்பு வகுப்பு என்றாள். பிறகு வருவதில்லை.

வீட்டில் இது இன்னும் ஓடுகிறது. யார் எதற்குத் தாமதித்தாலும், “என்ன, இன்னும் ஒரு வாட்டி படிச்சுட்டு வரியா?” என்பார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தபோது சம்மதமா என்று கேட்டார்கள், நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தை சபையிலேயே அதைச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டாருக்குக் கதை முழுவதும் அன்றே தெரிந்துபோயிற்று. என் கணவர் இன்று பஸ் நிறுத்தத்திலும் அதையேதான் சொல்கிறார். நானும் சிரிக்கிறேன். அப்பா பக்கத்தில் இருந்தால் மட்டும் யாரும் சொல்வதில்லை.

இப்போது என் மகளின் பள்ளியிலும் அட்டைகளை வைத்து அவரவர் வேகத்தில்தான் படிக்கிறார்கள். போன வாரம் டீச்சர் கூப்பிட்டு, “பாப்பாவ மேல் குழுவுல உக்கார வெக்கலாங்களா? நீங்க சரின்னா திங்கக்கிழமையே” என்றார். மகள், “எனக்கு எல்லாம் தெரியும்மா” என்கிறாள். அங்கேயே நான் கேட்ட கேள்விகளில் இரண்டுக்குத் தப்பாகத்தான் பதில் சொன்னாள். “கொஞ்ச நாள் போகட்டுங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று அப்பா சொன்ன அதே தொனி என் குரலில் இருந்தது. வாசல் தாண்டியதும் திரும்பிப் போய் மாற்றிச் சொல்லலாமா என்று நின்றேன், போகவில்லை.

பிள்ளை வளர்த்தவர்கள் சொல்லுங்கள். டீச்சர் பேச்சை நம்புவதா, தெரியும் என்கிற குழந்தையை நம்புவதா, அந்த இரண்டு தப்பை நம்புவதா? கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள். அவளோடு ஒரே பாயில் உட்கார்ந்திருந்த சிநேகிதி நேற்று மேல் குழுவுக்குப் போய்விட்டாளாம்.