ஈஸ்ட் தின்ற சர்க்கரை

இந்த வீட்டில் இனி என் நாக்கு வைத்ததுதான் சட்டம் என்று போன மாதம் ஒரு முடிவெடுத்தேன். மனசுக்குள்தான் எடுத்தேன். என் மனைவி சுரத்மி பக்கத்திலேயே இருந்தாள்.

எனக்குச் சர்க்கரை நோய். பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்துகிறவனுக்கே சர்க்கரையா என்று ஊருக்கு வேடிக்கை. சுரத்மிக்கு வேடிக்கை இல்லை. இதே நோயில் என் அப்பாவுக்குக் கால் போனதைக் கூடவே இருந்து பார்த்தவள் அவள். மருத்துவர் சொன்ன அன்றே தாப்பேக்கு எங்கள் வீட்டில் தடை. மரவள்ளிக்கிழங்கை அவித்து, ஈஸ்ட் தூவி, தித்திக்கத் தித்திக்க நொதிக்க வைத்த பண்டம் அது. ஜாவாவில் தாப்பேக்குப் பேர்போன பொண்டோவோசோவில் பிறந்தவன் அதைத் தொடாமல் எப்படி உயிர் வாழ்வான்?

அறிவியலை இறக்கினேன்.

"சுரத்மி, கிழங்குல இருக்கிறது மாவுச்சத்து. அது உடைஞ்சா சர்க்கரை. அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் தின்னுடும். நோய் வந்தா அதுக்குத்தான் வரணும், எனக்கில்ல."

"எல்லாத்தையும் தின்னுடுமா?"

"எல்லாத்தையும்."

கொஞ்சத்தைத்தான் தின்னும், மிச்ச இனிப்புக்காகத்தான் நாம் தாப்பே சாப்பிடுகிறோம் என்ற பாடத்தை அன்றைக்கு நான் நடத்தவில்லை.

"வாத்தியார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் ஒப்புக்கொண்டதில்லை. எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பசிதான் வந்தது.

அன்றே செய்து சாடியில் வைத்து, வாயைத் துணியால் கட்டினாள். எங்கள் பக்கம், வைத்தவளைத் தவிர யாரும் தாப்பேயைத் திறக்கக்கூடாது. ஆயிற்றா என்று கேட்கவும் கூடாது. கேட்டால் புளித்துவிடுமாம். வகுப்பில் இதைச் சொல்லிப் பிள்ளைகளோடு சேர்ந்து சிரிக்கிறவன் நான். வீட்டில் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு மூன்று நாளில் ஆகவேண்டியது வாரக்கணக்கில் ஆயிற்று. நடுவில் சாராய நெடிகூட வந்தது. சர்க்கரை சாராயமாகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய, கேட்கக்கூடாதே.

நேற்றுக் காலை அவளே ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொண்டுவந்தாள். ஊற்றி என்பதைக் கவனியுங்கள். கிண்ணத்தில் இருந்தது சுத்தமான காடி, வினிகர். நெடி மூக்கைத் துளைத்தது.

"என்ன சுரத்மி இது?"

"முதல்ல நாக்குல வச்சுப் பார்த்தேன், தித்திச்சுது. ஈஸ்ட் இன்னும் தின்னு முடிக்கலன்னு விட்டுட்டேன். அப்புறம் சாராயமாச்சு. அது ஹராம், நாம தொடக்கூடாது. இப்பதான் ரெண்டும் இல்ல."

நான் வாயைத் திறக்குமுன் அவள் குரல் இறங்கியது. "உங்க அப்பா காலுக்குக் கட்டு மாத்தினவ நான். இன்னொரு காலுக்கு மாத்த எனக்குத் தெம்பு இல்லங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்குள் வெள்ளரிக்காயை நறுக்கிக் கிண்ணத்தில் போட்டுவிட்டாள். முகம் சுளிக்காமல் தின்றேன். ரொம்ப நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன்.

"சாப்பிடுங்க" என்றாள். "இன்னும் ரெண்டு சாடி இருக்கு."