பகடை பாய் விதியை மாற்றிய ஞாயிறு

கள்ளக்குறிச்சியில் கலெக்டருக்குக்கூட இல்லாத அதிகாரங்கள் பகடை பாய்க்கு இருந்தன. உட்கார்ந்த இடத்திலிருந்தே கோமுகி ஆற்றில் வெள்ளம் விடுவார். கல்வராயன் மலையில் கரடியை இறக்குவார்.

தொழில் குழாய்க்கடை. ஞாயிறு மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவர் கதை சொல்ல, நானும் கணக்கு டீச்சர் ஒருவரும் அந்தக் கதைக்குள் ஆட்களாகி மலையேறக் கிளம்புவோம். இந்த ஆட்டத்தில் நாங்கள் நினைத்தது நடக்குமா என்பதை உருட்டும் பகடை சொல்லும். சென்னையில் இருக்கும் அவர் மகள் வாராவாரம் போனில், "கடைய மூடிட்டு எங்ககூட வந்துடுங்க அத்தா" என்பாள்.

"இந்தக் கதை முடியட்டும்மா, வந்துடறேன்" என்பார் பாய்.

முதலில் அவர் எழுதி வைத்திருந்த விதிப்புத்தகம் செங்கல் கனம். கால் வழுக்கினால் எலும்பு முறியும். மூன்று வாரம் ஆட்டத்தில் இடமில்லை. தாலுகா ஆபீசில் ஆயுசைக் கழித்த எனக்கு அது போதாதா? கயிற்றைச் சோதித்தேன். பரிசல்காரனிடம் உரிமம் கேட்டேன். முத்திரை மங்கலாக இருக்கிறதென்று அவனைத் திருப்பி அனுப்பினேன்.

"இன்னா சார் நீங்க! மூணு மாசமா ஆத்தங்கரையிலயே நின்னுக்கினு இருக்கோம்!" என்று டீச்சர் வெடித்தார்.

"சார் மேல தப்பு இல்லீங்க டீச்சர். புக்கு அப்படி. தோத்தா அடி ஜாஸ்தி, எவன் தண்ணில இறங்குவான்?" என்றார் பாய்.

அடுத்த ஞாயிறு ஒரே ஒரு தாளோடு வந்தார். செய்யப்போவதைச் சொல்லிவிட்டு உருட்ட வேண்டும். தோற்றால் அடியில்லை, கதையில் வம்புதான் கூடும்.

"அப்பீல் உண்டா பாய்?"

"கெடயாது. உருட்டுங்க சார்."

மூன்று குறிப்பில்லாமல் எந்தக் கோப்பிலும் கையெழுத்துப் போடாத நான், வெள்ளத்தில் குதித்தேன். பகடை கவிழ்த்தது, வேட்டி ஆற்றோடு போனது.

"இன்னாத்த கட்டிக்கினு சார் மலையேறுவீங்க?" டீச்சருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

தோற்கத் தோற்கத் தைரியம் வந்தது. கரடியோடு மல்லுக்கட்டினேன். சாயங்காலம் மலையுச்சியில் நின்றோம்.

"அவ்ளோதாங்க சார், கதை முடிஞ்சிச்சி" என்று பாய் பகடையைப் பெட்டிக்குள் போட்டார். மகளுக்கு அவர் சொன்ன வாக்கு அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"செல்லாது பாய். இன்னும் கீழ இறங்கவே இல்லியே!"

"பஸ்ல இறங்கிக்கலாம் சார்."

மாதக் கடைசியில் சென்னைக்குப் போய்விட்டார். ரம்ஜானுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். நானே ஒரு விதிப்புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். செருப்பு மாட்டவே அதில் மூன்று முறை உருட்ட வேண்டும். இந்தமுறை பாய் அவ்வளவு லேசில் கிளம்பிவிட முடியாது.