கரியாலூரில் நான் வளர்த்த கேரட்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் கையால் செத்த செடிகளுக்கு என்னிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. பெயர், நட்ட நாள், போன நாள், காரணம் என்று ஒரு நோட்டில் நான்கு கட்டம் போட்டு, சிவப்பு மையில் கோடு இழுத்து வைத்திருக்கிறேன். தக்காளி, இலை சுருண்டு போனது. கத்தரி, இலை வெளுத்துப் போனது. வெண்டை, நரம்பு மஞ்சளாகிப் போனது. மிளகாய் நாற்று, நான் காட்டிய அன்பால் போனது (ஒரு நாளைக்கு மூன்று வேளை தண்ணீர்). இந்தப் பட்டியலில் ஏறாமல், என் வாழ்க்கையில் ஒரே ஒரு பயிர்தான் என் கையில் தளதளவென்று வளர்ந்தது. அது கேரட். அந்தக் கதையைத்தான் எழுதப்போகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. வைகாசியில் கல்யாணம் ஆனது, ஆனியில் கல்வராயன் மலைமேல் கரியாலூருக்கு மாற்றல் வந்தது. சின்ன அரசு அலுவலகம். நான் எழுத்தர். எனக்கு மேலே ஓர் அதிகாரி, எனக்குக் கீழே காவலாளி சின்னையன், அவ்வளவுதான் ஆட்கள். அதிகாரி வெள்ளிக்கிழமை மதியம் மலையிறங்கினால் செவ்வாய்க்கிழமை வருவார் (அவருடைய செவ்வாய் சில வாரம் வியாழனில் வரும்). சின்னையன் அந்த மலைக்காரர். பக்கத்துச் சரிவில் சாமை போட்டிருந்தார். வேலை முடிந்ததும் ஆடுகளைப் பார்க்கப் போய்விடுவார். அதற்குப் பிறகு குவார்ட்டர்ஸில் நானும் என் நோட்டும்தான்.

என் மனைவி சகுந்தலா வடக்கனந்தலில் அவளுடைய அப்பா வீட்டில் இருந்தாள். மாமனார் விவசாயி. என்னை வழியனுப்பும்போது மரியாதை குறையாமல் சொன்னார்:

"மாப்ள, மொதல்ல நீங்க போயி எடத்தப் பாருங்க. காய்கறி கெடைக்குதா, பேச்சுத் தொணைக்கு ஆளு இருக்குதான்னு பாத்துட்டு ஒரு லெட்டர் போடுங்க. அப்பறம் பாப்பாவ நானே இட்டாறேன். சரிப்படலன்னா உங்களுக்கு மாத்தல் வர்ற வரைக்கும் இங்கியே இருக்கட்டும்."

போய்ப் பார்த்தேன். காய்கறி வாரத்துக்கு ஒரு நாள் வந்தது. பேச்சுத் துணை எந்த நாளும் வரவில்லை. இரண்டாவது குறைக்கு என்னால் செய்யக்கூடியது எதுவுமில்லை. முதல் குறையை மண்வெட்டியால் தீர்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

கல்யாண விருந்தில் சகுந்தலா கேரட் பொரியலை இரண்டாம் முறை கேட்டு வாங்கியதை நான் கவனித்திருந்தேன். வடக்கனந்தல் வெயிலில் கேரட் வராது, மலைக் குளிரில் வரும். மாமனாரின் ஏழு ஏக்கரில் விளையாத ஒன்றை, கள்ளக்குறிச்சித் தையல்கடைக்காரர் மகனான நான் என் பத்தடி நிலத்தில் விளைவித்து அவர் மகள் கையில் கொடுக்கப்போகிறேன். இந்தக் காட்சியை மனதில் நூறு முறையாவது ஓட்டிப் பார்த்திருப்பேன்.

மலை மண்ணின் மீது எனக்கு நம்பிக்கை இல்லை. சிவப்பாக இருந்ததே காரணம் (அன்றைய என் மண்ணியல் அறிவு அவ்வளவுதான்). அதனால் கள்ளக்குறிச்சியில், ஊருக்கு வெளியே ஒரு குப்பைமேட்டில் மக்கிக் கிடந்த எருவை ஒரு சாக்கு நிறைய வாரி, கட்டி, பஸ்ஸில் ஏற்றினேன்.

"இன்னா சார் மூட்டை? நாறுது" என்றார் கண்டக்டர்.

"எரு."

"மலைக்கு எருவா? ஆடு மாடு அங்க ஜாஸ்தியாச்சே சார். அங்கருந்து கீழதான் எறக்குவாங்க."

"இது டவுன் எரு" என்றேன். அவர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். மலை ஏறும்வரை இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

ஆடி முதல் வாரம் நான்கு பாத்தி கட்டினேன். கயிறு பிடித்து, அளவுகோல் வைத்துக் கட்டிய பாத்திகள். தக்காளி ஒன்று, கத்தரியும் வெண்டையும் ஒன்று, மிளகாய் ஒன்று, கேரட் ஒன்று. கேரட் விதையை ஒரு விரல் ஆழத்தில் ஊன்றினேன். ஆழமாகப் போட்டால் கிழங்கு நீளமாக வரும் என்பது என் கணிப்பு. அந்த விதை கால் அங்குலத்துக்கு மேல் புதைந்தால் வெளியே வரவே திணறும் என்பதைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன்.

மற்ற மூன்று பாத்திகளிலும் நடந்த போர்களை விவரமாக எழுதினால் இந்தக் கட்டுரை தாங்காது. தக்காளி இலையின் அடியில் வெள்ளை ஈ. சாம்பல் தூவினேன். மழை வந்து கழுவிவிட்டது. கத்தரியில் மாவுப்பூச்சி. சோப்புத் தண்ணீர் தெளித்தேன். ரேடியோவில் கொஞ்சம் தெளிக்கச் சொல்லியிருந்தார்கள், நான் துணி துவைக்கும் அளவுக்குத் தெளித்தேன். பூச்சி சுத்தமாகிவிட்டது, செடி வெளுத்துவிட்டது. மிளகாய் நாற்று அடித்தண்டு அழுகி ஒவ்வொன்றாகப் படுத்தது. படுத்ததைப் பார்த்து வாட்டம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் விட்டேன்.

கேரட் மட்டும் என்னைக் கைவிடவில்லை. ஒன்பதாம் நாளே முளை கண்டது. பதினைந்தாம் நாள் அழகழகாகப் பிளவுபட்ட இலைகள், விதைப் பாக்கெட் படத்தில் போட்டிருந்தது போலவே தரையோடு விரிந்திருந்தன. இருபதாம் நாள் நெருக்கமானவற்றைக் கலைத்து, ஒன்றுக்கொன்று ஆறு விரல் இடைவெளி விட்டேன். பாத்தியில் சோனியாக, மயிர் போன்ற இலையோடு ஏழு செடிகள் வேறு மாதிரி முளைத்திருந்தன. 'களை: ஏழு. பிடுங்கப்பட்டது' என்று எழுதி வைத்திருக்கிறேன். (அந்த ஏழும் என்ன என்பது உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கலாம். எனக்குப் புரிய இன்னும் ஐம்பது நாள் ஆயிற்று.)

சின்னையன் ஒருநாள் வேலியோரம் நின்று பார்த்தார்.

"சார், இது இன்னா பயிரு?"

"கேரட்."

"நம்ம பக்கம் பாத்ததே இல்லியே. கீழ்நாட்டுப் பயிரா?"

"இங்கிலீஷ் காய் சின்னையன்."

"அதான். நம்ம ஆடு நேத்து வேலி தாண்டி பூந்துச்சு சார். தக்காளிய மேஞ்சிட்டுது, மன்னிச்சுக்குங்க. இத மோந்து பாத்துட்டு வாயே வெக்கல."

ஆட்டுக்கும் மரியாதை தெரிகிறது என்று மகிழ்ந்துபோனேன். அன்றைய பதிவு: 'கேரட். பூச்சி: இல்லை. நோய்: இல்லை. ஆடு: இல்லை.' அந்த வாரத்திலிருந்து முழங்கை வரை சிவந்து தடித்து அரிக்கத் தொடங்கியது. மூக்கு ஒழுகியது. அதையும் எழுதினேன், காரணக் கட்டத்தில் 'மலைக்காற்று' என்று போட்டேன்.

நாற்பதாம் நாள் செடி முழங்கால் தாண்டியது. ஐம்பத்தைந்தாம் நாள் வெள்ளை வெள்ளையாகப் பொடிப் பூ பூத்து இடுப்புக்கு வந்தது. கேரட் இவ்வளவு உயரம் வருமா என்று ஒரு சந்தேகம் தட்டியதென்னவோ உண்மை. கேட்க ஆளில்லை. ஆளில்லாத இடத்தில் சந்தேகம் ரொம்ப நாள் உயிரோடு இருக்காது. எருவின் வீரியம் என்று எனக்கு நானே பதில் சொல்லிவிட்டேன். 'கேரட் தயார், வியாழக்கிழமை வரவும்' என்று மாமனாருக்கு லெட்டர் போட்டேன். வருகிறோம் என்று பதிலும் வந்தது.

இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டங்கள் நடந்துகொண்டிருந்த காலம் அது. அந்தப் புதன்கிழமை கீழே சாலைகளில் மரங்களை வெட்டிப் போட்டு மறித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. செய்தி கொண்டுவந்த பஸ்தான் கடைசி பஸ். அதிகாரி அதிலேயே ஏறிக் கீழே போனார். அப்புறம் தபால் இல்லை, பேப்பர் இல்லை. ரேடியோவில் பேட்டரி தீர்ந்தது, கடையில் பேட்டரி இல்லை. சின்னையன் வீட்டில் சாமைக்குக் களையெடுப்பு, அவரும் வரவில்லை.

எட்டு நாள். பஸ் வராது என்று தெரிந்தும், பஸ் வரும் நேரத்துக்குத் தினமும் போய் நிறுத்தத்தில் நின்றேன். போகாமல் இருந்தால் அந்த நேரத்தில் வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. இருபது நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து கேரட்டுக்குத் தண்ணீர் ஊற்றுவேன். ஐந்தாம் நாள், தொண்டையில் குரல் இருக்கிறதா என்று பார்க்க, பாத்தியிடம் பேசினேன். "இன்னிக்கும் வரல" என்றேன். காற்றில் எல்லாச் செடியும் தலையாட்டின. அன்றைக்கு அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

ஒன்பதாம் நாள் பஸ் வந்தது. சகுந்தலாவும், தலையில் டிரங்குப் பெட்டியோடு மாமனாரும் இறங்கினார்கள். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்ற அறிவுகூட இல்லாமல் நேரே தோட்டத்துக்கு அழைத்துப் போனேன்.

மாமனார் வேலியருகே நின்றார். பாத்தியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் பாத்தியைப் பார்த்தார். மாப்பிள்ளையின் முகத்துக்கு நேரே குறை சொல்லும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. அந்த மனிதர் பட்ட பாடு இன்றைக்கு நினைத்தாலும் பரிதாபமாக இருக்கிறது.

"பாத்தி... நல்லா நேரா கட்டிக்கிறீங்க மாப்ள."

"கயிறு புடிச்சேன் மாமா."

"தண்ணிகூட தவறாம காட்டிக்கிறீங்க போலகுது."

"ரெண்டு வேளை."

"எடைவெளியும் கரெக்டா வுட்டுக்கிறீங்க" என்று சொல்லிவிட்டு, துண்டால் வாயை மூடிக்கொண்டு இருமத் தொடங்கினார்.

"சகுந்தலா, நீதான் மொதல்ல புடுங்கணும்" என்றேன், திறப்பு விழாக் குரலில்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். குனிந்து பிடுங்கினாள். சணல் மாதிரி ஒரு வெள்ளை வேர் வந்தது. மண் உதிர்ந்தது. வேறு எதுவும் வரவில்லை.

"அது பிஞ்சு. பக்கத்துல இருக்கறது" என்றேன்.

பக்கத்தில் இருந்ததும் சணல்தான்.

"இன்னும் கெழங்கு எறங்கல போல."

மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு சகுந்தலா மெதுவாகச் சொன்னாள்: "ஏங்க, இது பார்த்தீனியம். எங்க கொல்லைல இத கூலிக்கு ஆளு வெச்சிப் புடுங்கறோங்க."

மாமனாரின் இருமல் நின்றுவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எரு எங்க எடுத்தீங்க மாப்ள?" என்று கேட்டார். சொன்னேன். "அதுலதான் வெத வந்துக்குது. கை இன்னா இப்படி தடிச்சிக்குது?"

"மலைக்காத்து மாமா."

"செடிக் காத்து மாப்ள. அதத் தொட்டாலே அரிக்கும்" என்றவர், சட்டென்று குரலைத் தாழ்த்தி மகளிடம் சொன்னார்: "மூணரைக்கு பஸ்ஸு. அதுல நீயும் வந்துடு பாப்பா. மாத்தல் வரட்டும், அப்பறம் பாத்துக்கலாம்."

எனக்குக் கேட்டுவிட்டது. வீட்டுக்குள் வந்த பிறகும் பெட்டி திறக்கப்படாமல் நாற்காலிமேல் உட்கார்ந்திருந்தது. நான் சமையலறைக்குப் போய் வெங்காயக் குழம்பு வைத்தேன். கண் கலங்கியதற்கு வெங்காயம் இருந்தது நல்லதாகப் போயிற்று.

குழம்பை இறக்கிக்கொண்டு வந்தபோது சகுந்தலா என் நோட்டைப் படித்துக்கொண்டிருந்தாள். தடுக்கலாம் என்று நினைத்தேன். கையில் சட்டி இருந்தது. பஸ் வராத நாட்களின் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு உரக்கப் படித்தாள்:

"'மூன்றாம் நாள். பஸ் இல்லை. யாரிடமும் பேசவில்லை. கேரட் நன்றாக இருக்கிறது. நானும் நன்றாக இருக்கிறேன்.' 'நான்காம் நாள். பஸ் இல்லை. யாரிடமும் பேசவில்லை. கேரட் நன்றாக இருக்கிறது. நானும் நன்றாக இருக்கிறேன்.'"

ஐந்தாம் நாளை மனதுக்குள் படித்தாள். பாத்தியிடம் பேசியதைப் பேசிய வார்த்தையோடு அதில் எழுதியிருந்தேன். நோட்டை மூடிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"கேரட்டு மாதிரிதான் நீங்களும் நல்லா இருந்தீங்களா?"

நான் சட்டியைக் கீழே வைக்க இடம் தேடினேன்.

"அப்பா, சாப்ட்டுட்டு நீ கெளம்பு" என்றாள்.

"நீ?"

"இவர தனியா வுட்டா அடுத்ததா நெருஞ்சி முள்ளுக்குப் பாத்தி கட்டுவாருப்பா."

மாமனார் பெட்டியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்து, "கையில துணி சுத்திக்கினு புடுங்குங்க மாப்ள. பூவ கொட்ட வுடாதீங்க. கொட்டுச்சுன்னா மலையே உங்க கேரட்டா ஆயிடும்" என்றார். அன்றைக்குத்தான் அவர் என்னிடம் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தது.

நானும் சகுந்தலாவும் துணி சுற்றிக்கொண்டு பிடுங்கி எரித்து முடிக்க நான்கு நாள் ஆனது. எல்லாவற்றையும் எரித்துவிட்டோமா என்பது எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. பிற்பாடு கரியாலூர்ப் பக்கம் போகும்போதெல்லாம் சாலையோரத்தில் அந்த வெள்ளைப் பூவைப் பார்த்தால் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன் (லாரி, பஸ் என்று விதை வர எத்தனையோ வழி இருக்கிறது, சரி).

எங்கள் வீட்டில் அன்றைக்குப் பிறந்த ஒரு வாக்கியம் இன்னும் சாகவில்லை. நான் எதையாவது அடித்துச் சொன்னால் போதும், சகுந்தலா "புடுங்கிப் பாத்துடலாமா?" என்பாள். நான் பார்த்துப் பார்த்து வாங்கிய மனைக்கு அதைக் கேட்டாள். மகளுக்கு நான் தேர்ந்தெடுத்த மாப்பிள்ளைக்கும் கேட்டாள். மாப்பிள்ளைக்குக் கதை தெரியாது, பாவம், தலைமுடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மகளின் பிரசவத்துக்காக சகுந்தலா சென்னைக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. தினமும் பேசுவாள். போன செவ்வாய்க்கிழமை பேசும்போது, "கொழந்தையப் பாத்துக்கினு நீ மெதுவா வா. இங்க நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றேன்.

 அந்தப் பக்கம் குழந்தை சிணுங்குவது கேட்டது.

"புடுங்கிப் பாக்கட்டுமா?" என்றாள்.

எந்த பஸ்ஸில் வருகிறாய் என்று மட்டும் கேட்டேன். மறுநாள் மத்தியானம் சோற்றுக்கு இரண்டு பேர் அளவுக்கு அரிசி போட்டேன்.