கறுப்பு வரும்வரை

செய்து முடித்த வேலையைப் பிரித்துப் போட்டு, மறுபடி அதே வேலையாகச் செய்து முடிப்பவர்கள் என்று ஓர் இனம் உலகில் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2011ஆம் ஆண்டில் அந்த இனத்தின் அசல் மாதிரி ஒருவர் திருப்பதியில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியறையில் உட்கார்ந்திருந்தார். பெயர் செங்கல்வராயன். ஊர் நகரி. இன்னும் கட்டாத அடுக்குமாடிகளைக் கட்டி முடித்ததுபோல் கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கொடுப்பது தொழில்.

ஒரு படம் முடிய அந்தக் கம்ப்யூட்டருக்குப் பதினான்கு மணி நேரம் ஆகும். முழுப் படத்தைக் கொடுத்துவிட்டு, கூடவே வெளிச்சம் தனி, பிரதிபலிப்பு தனி, பளபளப்பு தனி என்று பிரித்தும் கொடுக்கும். அவற்றை ஃபோட்டோஷாப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மீண்டும் முழுப் படம் வரும். எதற்கு இந்த வேலை? நாளைக்கு ஒருவர் வந்து சுவரின் நிறத்தை மாற்றச் சொன்னால், இன்னொரு பதினான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டாம். அந்த ஓர் அடுக்கை மாற்றினால் போதும். நல்ல யோசனைதான். ஆனால் செங்கல்வராயனுக்கு, அடுக்கிய படம் அசலோடு இம்மியும் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். அசலை மேலே வைத்து 'டிஃபரன்ஸ்' என்று கொடுத்தால், வித்தியாசம் உள்ள இடம் மட்டும் மினுங்கும். வித்தியாசமே இல்லையென்றால் திரை முழுக் கறுப்பாகிவிடும். மனிதர் அந்தக் கறுப்புக்காகவே வாழ்ந்தார்.

தடாவில் அடுக்குமாடி கட்டவிருந்த நாகபூஷணம் கேட்டது ஒன்றே ஒன்று. ரோஸ் சுவர் சந்தன நிறமாக வேண்டும். மாலை நான்கு மணிக்குள் படம் அச்சகத்துக்குப் போக வேண்டும்.

"டைமுக்குக் குடுத்துடு, ஹைதராபாத்ல என் மச்சான் கம்பெனில உன்ன சேத்து உட்றேன்" என்று வாக்கும் கொடுத்திருந்தார். ஹைதராபாத் என்றால் இரண்டு மடங்கு சம்பளம்.

காலை ஒன்பதுக்கு அடுக்கினார். பால்கனிக் கண்ணாடியில் நகக்கண் அளவு மினுங்கியது. கலைத்தார், அடுக்கினார், மினுங்கியது.

"அண்ணா, செவுர மட்டும் மாத்திக் குடேன்" என்றாள் பக்கத்து மேசை ரூபா.

"மொதல்ல மேட்ச் ஆவட்டும்மா."

"ஆவலன்னா யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமே!"

ரூபா தன் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒரு மணிக்கு மனைவி ரோஜா நகரியிலிருந்து போன் செய்தாள். "துன்னியா?"

"இல்ல. கண்ணாடி மினுங்கிக்கினு கீது."

"எந்தக் கண்ணாடி?" என்று கேட்டவள், பதில் வருமுன் வைத்துவிட்டாள்.

மூன்றரைக்கு, தனிப்படங்களைத் திறந்த விதமே தவறு என்று கண்டுபிடித்தார். சரியாகத் திறந்து, அடுக்கி, அசலை மேலே வைத்தார். கறுப்பு! ஒரு புள்ளி வெளிச்சம் இல்லாத முழுக் கறுப்பு. செங்கல்வராயனுக்குக் கண் கலங்கியது. அந்த நேரம் பார்த்து நாகபூஷணம் உள்ளே வந்தார்.

"இன்னாய்யா, கரண்ட் போச்சா?"

"இல்ல சார், மேட்ச் ஆயிட்ச்சி!"

"பில்டிங் எங்கய்யா?"

"இதுதான் சார். ரெண்டும் ஒண்ணா கீறதால ஒண்ணும் தெரியல."

நாகபூஷணம் அந்தக் கறுப்பைச் சற்று நேரம் மரியாதையோடு பார்த்தார். "செவுரு?"

"பத்தே நிமிஷம் சார்."

"தொந்தரவு வேணாம். ரூபாம்மா மத்யானமே அனுப்பிட்ச்சி. பிரிண்ட் ஓடிக்கினு கீது. அதுக்கு தேங்க்ஸ் சொல்லத்தான் வந்தேன்."

ரூபா அந்த முழுப் படத்தையே எடுத்து, சுவர்மேல் சந்தன நிறத்தைத் தடவிவிட்டிருந்தாள். கால் மணி நேர வேலை. செங்கல்வராயன் நாகபூஷணம் கையிலிருந்த அச்சுப்படியை வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்தார். நிறம் சுவரைத் தாண்டி வழிந்து, வாசலில் நின்ற வாட்ச்மேனின் முழங்காலுக்குக் கீழே சந்தனமாகியிருந்தது.

"சார், கால பாருங்க!"

"வாட்ச்மேனே இன்னும் வெக்கலய்யா" என்றார் நாகபூஷணம்.

உகாதியன்று பதினெட்டு வீடுகள் பதிவாயின. வாட்ச்மேனின் காலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஜூனில் ரூபா ஹைதராபாத் போனாள். செங்கல்வராயன் ஸ்டேஷனுக்குப் போய் வழியனுப்பினார். திரும்பி வந்து, சரியான சந்தனச் சுவரோடும் சுத்தமான காலோடும் படத்தை முடித்தார். யாரும் கேட்காத படம். சரியாகப் பத்தே நிமிடம்தான் ஆயிற்று.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை, ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றி, இறக்கை இறக்கையாகத் துடைத்து, மறுபடி மாட்டி, பழைய வேகத்திலேயே சுற்றுகிறதா என்று இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது யார்? வீட்டில் மாற்றச் சொன்னது ட்யூப்லைட்டை.