கோட்டை விட்டு இரண்டு விரல் தள்ளி

கராகோல்,
ஆகஸ்ட், வியாழக்கிழமை

அன்புத் தம்பி எல்தியாருக்கு அக்கா ஜிப்பார் எழுதுவது. இங்கே நாங்களும் பசுவும் நலம். பிஷ்கெக்கில் நீயும் உன் கல்யாணக் கச்சேரிக் குழுவும் நலமாக இருக்க வேண்டும், இந்தக் கடிதத்தைப் படித்த பிறகும்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உன் பேஸ் கிட்டாரின் மேல் என் சால்வையைப் போர்த்தினேன். அப்புறம்தான் அடுப்பைப் பற்றவைத்தேன். அதன் முகத்தில் விழிக்க எனக்குத் தைரியமில்லை.

எங்கள் துணி அலமாரியின் இடது கதவை அறுத்து நீ அதற்கு உடல் செய்தாய். மெட்டுகளே இல்லாத வழவழப்பான கழுத்தை இழைத்து ஒட்டினாய். தந்திகளைத் தாங்கும் குதிரை ஒன்றுதான் பாக்கி. "பென்சில்ல கோடு போட்டிருக்கேன்க்கா. அதுமேல குதிரைய வெச்சு நாலு திருகு முடுக்கு, போதும். செப்டம்பர் கல்யாணத்துக்குள்ள இது வரலன்னா வேற ஆளைப் போட்டுக்குவேன்னு எங்க தலைவர் சொல்லிட்டாரு" என்று சொல்லிவிட்டு மினிபஸ் ஏறினாய்.

எனக்கோ சின்ன வயதிலிருந்து நம் மூன்று தந்திக் கோமுஸ் வாசித்துத்தான் பழக்கம். கோமுஸில் குதிரையை யாராவது திருகு போட்டு இறுக்குவார்களா? தந்திகளுக்கு அடியில் செருகி, காதால் கேட்டுக் கேட்டு நகர்த்தி நிறுத்துவதுதானே முறை. அதனால் உன் கோட்டை ஒரு யோசனை என்றுதான் எடுத்துக்கொண்டேன். தந்திகளை மாட்டி, குதிரையைச் செருகி, மடியில் வைத்து வாசித்தால் விரல் போய் நின்ற இடத்தில் சுரம் நிற்கவில்லை, சரி என்று குதிரையைக் கழுத்துப் பக்கம் கொஞ்சம் தள்ளினேன், இன்னும் கொஞ்சம் தள்ளினேன், என் விரலும் சுரமும் ஒரே இடத்தில் சந்தித்தன, அந்தச் சந்தோஷத்தில் அங்கேயே நாலு திருகையும் முடுக்கிவிட்டேன்.

அதோடு நின்றேனா? பக்கத்து வீட்டு பூபுசாரா அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். புதுப் பொருளை அவர் வெறுங்கையோடு பார்ப்பாரா? மாவை வெட்டி ஒரு தட்டு போர்சோக் பொரித்துக்கொண்டு, ஒரு தலைத்துணியும் எடுத்துக்கொண்டு வந்தார். துணியைக் கிட்டாரின் கழுத்தில் கட்டிவிட்டு, "நீண்ட ஆயுசோட இருக்கட்டும்டி. ஆமா, அலமாரிக்கு ஒரு கதவக் காணோமே, உன் புருஷன் கால்சட்டையெல்லாம் ஊரே பாக்கணுமா?" என்றார்.

உன் அத்தான் கெங்கேஷ் போர்சோக்கை மென்றுகொண்டே குனிந்து பார்த்தார்.

"கோடு இங்க இருக்கு. குதிரை ரெண்டு விரல் தள்ளி அங்க நிக்குது. நீ பிசிக்ஸ் டீச்சர்தானே?"

பூபுசாரா அக்கா என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். தட்டு காலி. முதல் பார்வைக்குக் கொடுத்ததைத் தின்றுவிட்டு, பொருள் சரியில்லை என்று எப்படிச் சொல்வது?

தந்தியைப் பாதியில் அழுத்தினால் மேல் ஸ்தாயி என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதுகிறவள், என் கை சின்னது என்று தந்தியையே சின்னதாக்கிவிட்டேன். உன் நீள விரல் பழகிய இடத்தில் விழுந்தால் ஒவ்வொரு சுரமும் ஏறித்தான் பேசும். இதைவிடக் கேவலம், நேற்று நீ போனில் "குதிரை சரியா உக்காந்துச்சாக்கா?" என்று கேட்டபோது "கோட்டு மேலயே" என்றேன். "உன்ன நம்பித்தான்க்கா விட்டேன்" என்றாய். அதனால்தான் கடிதம். உன் குரலைக் கேட்டால் எனக்கு மறுபடி பொய்தான் வரும்.

இன்றே திருகுகளைக் கழற்றி, ஓட்டைகளில் பசை தடவிய தீக்குச்சிகளை அடைத்து, உன் கோட்டிலேயே குதிரையை இறுக்கி, நாளை மினிபஸ்ஸில் அனுப்பிவிடுகிறேன். அக்காவை மன்னித்துவிடு. கை நோகாமல், சுரம் பிசகாமல், சாப்பாட்டு நேரம் தவறாமல் நீ நூறு கல்யாணங்களுக்கு வாசிக்க வேண்டும்.

உன் அக்கா,
ஜிப்பார்

பி.கு.: திருப்புளியோடு உட்கார்ந்தேன். கழற்றுவதற்கு முன் ஒரு தரம் வாசித்துப் பார்ப்போம் என்று வாசித்தேன். நிமிர்ந்து பார்த்தால் பசுவைக் கறக்கும் நேரம். ஒரு திருகையும் தொடவில்லை, தொடப்போவதும் இல்லை. என் கைக்கென்றே அமைந்துவிட்டது, என்னிடமே இருக்கட்டும். நாளை மினிபஸ்ஸில் போர்வை சுற்றி வருவது கிட்டார் இல்லை, அலமாரியின் வலது கதவு. குதிரைக்கான கோட்டை இந்தத் தடவை அளவுகோல் வைத்தே போட்டிருக்கிறேன். உன் தலைவரிடம் மரம் இன்னும் காயவில்லை என்று சொல். இதையெல்லாம் இங்கே யாரிடமும் சொல்லவில்லை. உன் அத்தான் நாளைக் காலை சட்டை எடுக்கப் போவார், அப்போது தெரிந்துகொள்ளட்டும்.