சம்பந்தியின் பன்னிரண்டு ஆட்கள்

டைல்ஸ் லாரி வந்து ஒரு மணி நேரமாகியும் ஒரு பெட்டிகூட இறங்கவில்லை. சாலைக் கடைத்தெருவில் இரண்டு சந்துகள் முட்டும் மூலையில் புதிதாகத் திறந்த டைல்ஸ் கடைக்கு வந்த லோடு அது. முதல் லாரியை எந்தச் சந்து இறக்குகிறதோ, இனி வரும் லோடெல்லாம் அந்தச் சந்துக்குத்தான். கீழச் சந்தில் சுமை தூக்கும் சுமட்டுக்காரர்கள் ஒன்பது பேர் லாரி நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். மேலச் சந்தில் தலைவர் பூதலிங்கத்தோடு சேர்த்து நாலு பேர். அதில் ஒருவனுக்குக் குடலிறக்கம்.

"ஆளுக்குப் பாதி, அண்ணாச்சி. மதியல்லே, போதும்லா?" என்றான் கீழச் சந்து மஹேஷ்.

மேலச் சந்தில் அரிசி மண்டிகள் ஒவ்வொன்றாக மூடிவிட்டன. வாரத்தில் இரண்டு நாள் வேலை கிடைத்தால் அதிகம். பாதியே தாராளம்தான். ஆனால் பூதலிங்கம் மகளைக் கட்டிக்கொடுத்த இடம் கரமனை. அங்கே சந்தையில் சம்பந்தி ராஜமணியின் கீழ் பன்னிரண்டு பேர், ஒவ்வொருத்தனும் வாசக்கதவு அகலம்.

"பாதி எதுக்குடே? எங்க சம்பந்தி ஆளோட வாறாரு. பன்னெண்டு பேரு."

மஹேஷ் நிழலுக்குத் திரும்பினான்.

போனில் ராஜமணி உற்சாகமாக இருந்தார். "இப்பமே வாறோம், அத்தான். பயக்க காலம்பற ஒண்ணும் திங்கல, பாத்துக்கிடும்."

மாடம்மாள் டீக்கடையில் பன்னிரண்டு பேருக்குப் புட்டும் கடலையும் சொன்னார் பூதலிங்கம். மறுபடி போன். வண்டி இல்லையாம். பெட்டி ஆட்டோ பிடித்து, கூட்டிவரத் தன் ஆட்களில் இரண்டு பேரை அனுப்பினார். நாலு பேர் இரண்டு பேரானார்கள்.

வெயில் ஏறியது. பெட்டி ஆட்டோ திரும்பி வந்தது. இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு ராஜமணி மட்டும் மெதுவாக இறங்கினார்.

"ஆளுக?"

"பாதிப் பேரு கோயில் கொடைக்கு ஊருக்குப் போயாச்சு. அந்த நேரம் பாத்து வெங்காய லோடு வந்துட்டு. ஆளு பத்தல. உம்ம பயக்க ரெண்டு பேரையும் அங்க மூடை தூக்க நிறுத்திட்டு வந்தேன். நல்ல பயக்க, எதுக்குன்னு ஒரு வார்த்த கேக்கல."

"அப்ப நீரு?"

"நடுவெலும்பு விலகியிருக்கு, குனியப்பிடாதுன்னு டாக்டர் சொல்லியாச்சு. ஆனா சொன்ன சொல்லு தவறுவனா? வந்து நிக்கேம்லா." சொல்லிக்கொண்டே புட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

குடலிறக்கக்காரன் யோசித்தான். "அண்ணாச்சி, அவரு நமக்குத் தொணைக்கு வந்தாரா, நாம அவருக்குத் தொணைக்குப் போனமா?"

பூதலிங்கம் எழுந்தார். தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு லாரி நிழலுக்கு நடந்தார். முப்பது வருஷம் மூட்டை சுமந்த கழுத்து; பொய்யைச் சுமக்கத் தெம்பில்லை.

"மஹேஷு, அந்தப் பன்னெண்டு பேரும் வரல. பாதி தா. முடிச்சுக்குவோம்."

மஹேஷ் நிமிர்ந்தான். "ஒராளும் வரலியா?"

"ஒருத்தனும் வரல."

"பின்னெ எதுக்கு பாதி?" மஹேஷ் எழுந்து தலையில் துண்டைச் சுற்றினான். ஒன்பது பேரும் லாரியில் ஏறினார்கள். முதல் பெட்டி இறங்கியது.

பூதலிங்கம் டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். மாடம்மாள் கேட்காமலே ஒரு டீ கொண்டுவந்து வைத்தாள்.

"நீரு எதுக்கு அண்ணாச்சி அங்க போயி உள்ளதச் சொன்னீரு? பன்னெண்டு பேருன்னதும் அவனுக பயந்துபோயி, நீரு வந்து ஒரு அதட்டு அதட்டினா லாரிய விட்டுட்டுப் போயிரலாம்னுல்லா உக்காந்திருந்தானுக."